ஐந்தடி

காமிரா வளையத்தில் வெள்ளை எழுத்தில்
தூரங்கள் பொறித்திருந்தன:
ஐந்தடி, ஏழு, பத்து, பதினைந்து, முப்பது.
கடைசியில்
படுத்துக்கிடக்கும் ஓர் எட்டு.
எட்டாததெல்லாம் அதற்குள் அடக்கம்.

சார்ஜென்ட் எட்கர் ட்ரான்ட்டர்
போருக்கு முன் ஸ்டாக்போர்ட்டில்
தொப்பிக் கம்பெனி விலைப்பட்டியலுக்குப் படமெடுத்தவன்.
தலையில்லாத் தொப்பிகள், வரிசையாக, நிழல் விழாமல்.
நார்மண்டியில், ப்ரெத்வீல் ஊர் எல்லையில்,
வேலிப்புதரில் மாட்டிக் கிடந்த இரும்புத் தொப்பியையும்
கை தன் பழக்கத்தில்
விளிம்பில் வெளிச்சம் வாங்கியே எடுத்தது.
பத்தடி. ஜூலை பதினொன்று, காலை.
ஆள் யாரென்று தெரியவில்லை.

இருவர் இருவராகத்தான் அனுப்புவார்கள்.
இவனுடையது அசையாத படம்.
அசையும் படம் ஹோரஸ் பிம்லட்டினுடையது.
சாவி முறுக்கிக்கொண்டே பேசுவான்:
"ஷெல் விழுந்தா என் படத்துல பூமியே குலுங்கும்,
உன் படத்துல வெறும் புகை.
சம்பளம் மட்டும் ரெண்டு பேருக்கும் ஒண்ணு."

முன்னேறும் படையின் முகம் வேண்டுமாம் லண்டனுக்கு.
முகம் வேண்டுமென்றால்
அவர்களுக்கும் முன்னால் போய்த் திரும்பி நிற்க வேண்டும்.
புறமுதுகு காட்டுவது
இவர்கள் இருவருக்கு மட்டும் உத்தியோகம்.

பத்து மணிக்கு மதாம் லெகூவே
நிலவறையிலிருந்து ஏறி வந்தாள்.
காமிராவைக் கண்டதும் கையைக் காட்டி நிறுத்தினாள்.
பின்னால் கூரை எரிகிறது;
அவள் ஏப்ரனை அவிழ்த்தாள், மடித்தாள்,
விரலால் தலை வாரி
சுவர் என்று மிச்சமிருந்ததன் முன் வந்து நின்றாள்.
ஏழடி. சிரிக்கவில்லை.
பதினோராவது படம். சுருளில் இன்னும் ஒன்று.

இந்த இடத்தில்
தமிழில் எழுதும் எனக்கு ஒரு சொல் காலை இடறுகிறது.
அளப்பதும் அடி. நடப்பதும் அடி.
விழுவதும் அடி.
நான் இங்கே உடைத்துப் போடும் வரியும் அடி.
எட்கருக்கு இந்த வசதியெல்லாம் இல்லை.
ஐந்துக்குள் வந்த எதையும்
கண்ணாடி ஒப்புக்கொள்ளாது என்பது மட்டும் தெரியும்.

மோர்ட்டார் தோட்டத்தில் விழுந்தது.

பிம்லட் கிடந்தது ஒன்றரை அடியில்.
கைநழுவிய காமிரா
புல்லைப் பார்த்தபடி ஓடிக்கொண்டிருந்தது,
வெட்டுக்கிளி இரைச்சலில்.
"ஓடுதா?" என்றான்.
"ஓடுது."
இரைச்சல் நின்றது.
"ஓடுதா?"
"ஓடுதுடா."

பன்னிரண்டாவது படத்தை யார் எடுத்தது?
கட்டைவிரலா, பதற்றமா, கழுத்தில் தொங்கிய வாரா,
அவனுக்கே தெரியாது.
மாலையில் குறிப்புத்தாளை நிரப்பினான்:
சுருள் எண், நாள், இடம், தூரம்.
பன்னிரண்டுக்கு எதிரே பேனா வைத்த ஒரு புள்ளி,
அதற்குப் பிறகு எழுத்தில்லை.

லண்டன் இருட்டறையில் வினிஃப்ரெட் ஓக்ஸ்
ஈரச் சுருளை விளக்கொளியில் பிடித்தாள்.
இரும்புத் தொப்பி: தணிக்கை, சிவப்பு முத்திரை.
மதாம் லெகூவே: பத்திரிகைகளுக்கு.
"விடுதலையை மகிழ்ந்து வரவேற்கும் பிரெஞ்சுப் பெண்."
புல், பத்தொன்பது விநாடி: பயனில்லை.
பன்னிரண்டாவதில் வெளுத்த ஐந்து கோடுகள்.
வேலியாக இருக்கலாம்.
விரல்களாகவும் இருக்கலாம் என்று தோன்றியபோது
அடுத்த சுருளுக்கு மணி அடித்துவிட்டது.
'குவியவில்லை' என்றெழுதி வெட்டினாள்.

போர் முடிந்து மறுபடி தொப்பிகள்.
ஐம்பத்தொன்றில் மான்செஸ்டரில் ஒரு கடையில்
புதிய ஜெர்மன் காமிரா.
"இது இரண்டடி வரைக்கும் தெளிவாகக் காட்டும், சார்,
பூவின் நரம்பு தெரியும்" என்றான் கடைப்பையன்.
எட்கர் வளையத்தைத் திருப்பினான்,
அது முட்டி நின்ற பிறகும்
திருப்பினான்.

"ஒன்றரை இல்லையா?"